இறக்கத்தில் இடது கால்

கரடிமுதுகில் ஜீப் ஏற்றப்போகிறேன் என்று ஜெயரூபி எனக்குச் சொன்னது தொலைபேசியில், மீன் வெட்டிக்கொண்டே. ஒஸ்லோவில் நான் அப்போது வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு வாசலில் இருந்துவிட்டேன்.

"எந்தக் கரடிமுதுகு?"

"எத்தினை கரடிமுதுகு இருக்கு மச்சாள்? கப்பல்துறைக்கு அங்கால, காட்டுக்குள்ள இருக்கிறதுதான்."

"அது பாறையெல்லோ?"

"பாறை எண்டபடியாத்தான் ஜீப். றோட்டெண்டா பஸ்ஸில போவனே."

ஜெயரூபி என் மாமாவின் மகள். சல்லியில் கடற்கரைக்குக் கிட்ட வீடு. அவளிடம் ஒரு பழைய லாண்ட்றோவர் இருக்கிறது. அதன் சொந்த எஞ்சின் எப்போதோ செத்துப்போய், ஒரு லொறியின் டீசல் எஞ்சின் உள்ளே கிடந்து உறுமுகிறது. கரையிலிருந்து மீன்பிடி போட்டுகளைக் கடலுக்குள் தள்ளிவிடுவதும், திரும்பி வந்ததும் கரைக்கு இழுத்துப் போடுவதும் அந்த ஜீப்பின் தொழில். அதாவது ஜெயரூபியின் தொழில்.

முன்பு அது அவளுடைய கணவர் யோகராசாவின் தொழிலாக இருந்தது. ஒருநாள் கரைக்கு இழுத்த போட் உருளைக்கட்டையிலிருந்து வழுகி அவருடைய இடது காலின்மேல் விழுந்துவிட்டது. எலும்பு பொருந்தியது. ஆனால் முழங்காலுக்குக் கீழே நரம்பு பொருந்தவில்லை. நடப்பார், பொல்லு ஊன்றி. ஏற்றத்திலும் ஏறுவார், நேரம் எடுக்கும். அந்தக் காலால் எதையும் அமத்த மட்டும் ஏலாது. அமத்தினாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. கிளச் அமத்த ஏலாதவருக்கு ஜீப் எதற்கு? விற்றுவிடுங்கள் என்று ஊரே சொன்னபோது ஜெயரூபி ஜீப்பின் திறப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சாரதி இருக்கையில் ஏறி இருந்தாள். முதல் மாதம் கடற்கரையில் சிரிக்காதவர்கள் இல்லை. அடுத்த வருடம் அவள் காய்ச்சலில் படுத்தபோது, "ரூபியக்கா எப்ப வருவா?" என்று வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அவள் ஏன் பாறையில் ஏறவேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அதைக் கேட்டேன்.

கத்திச் சத்தம் நின்றது. "இவ்வளவு காலமும் மற்றவையின்ர போட்டைத் தள்ளுறதும் இழுக்கிறதும்தான் மச்சாள். அந்த ஜீப்பை நான் ஒருநாளும் எங்கயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்ல. கரைக்குப் போறது, தண்ணி மட்டும் போறது, திரும்பி வாறது. ஒருக்கா ஏறி, அங்கால் பக்கத்தால இறங்கி வரோணும். நானே ஓடி."

நான் விடுமுறைக்குப் பதிந்துவிட்டேன். பொதியில் இரண்டு தலைக்கவசங்களும் முதலுதவிப் பை ஒன்றும் இருந்தன.

கரடிமுதுகில் நடப்பது ஓட்டப்போட்டி அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப்காரர் குழு வருடத்தில் ஒருமுறை, பாறை நன்றாகக் காய்ந்து கிடக்கும் ஆவணியில் வரும். வேகமாகப் போனவருக்குப் பரிசு இல்லை. யாருக்குமே பரிசு இல்லை. நடந்து போகிறவனே கையூன்ற வேண்டிய பாறையில், ஆமை பார்த்துச் சிரிக்கும் வேகத்தில் வண்டியை ஏற்றி, மற்றப் பக்கத்தால் இறக்கி, ஆளும் வண்டியும் முழுசாக வந்து சேரவேண்டும். ஒவ்வொரு வருடமும் சில வண்டிகள் முழுசாக வருவதில்லை. அவை கண்டி வீதியோரம் கப்பல்துறையில் உள்ள ஜெமீலின் கராஜுக்கு வரும்.

ஜெமீல் கிண்ணியாக்காரர், ஜெயரூபிக்கு 'நானா', அண்ணன் முறை. யோகராசாவின் பழைய கூட்டாளி. ஜெயரூபிக்கு இந்த ஆசையை ஊட்டியவரும் அவர்தான் என்பதை நான் போய் இறங்கிய அன்றே கண்டுபிடித்தேன்.

"நான் என்ன செஞ்ச?" என்றார் அவர், ஜீப்பின் அடியிலிருந்து. கால்கள் மட்டும் தெரிந்தன. "போன வருசம் ஒரு புத்தம்புது ஜீப் உடைஞ்சு வந்திச்சு. இந்தப் புள்ள பாத்துக்கொண்டு நிண்டிச்சு. உன்ட வண்டியெண்டா இதைவிட நல்லா ஏறும் எண்டு ஒரு கதைக்குச் சொன்னன். அவ்வளவுதான்."

"ஒரு கதைக்குச் சொன்னதை இவ பிடிச்சுக்கொண்டா," என்றார் யோகராசா. கதிரையில் இருந்து ரயர் ஒன்றின் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, ஒஸ்லோவில இருந்து வந்த உடனேயே அவனோட சண்டை பிடியாதேங்கோ. அவன் ஜீப்புக்குக் கீழ படுத்திருக்கிறான், வண்டியைத் தாங்கிற ஜக்கைத் தட்டிவிட்டா சரி."

ஜீப்பின் மேற்கூரை கழற்றப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக, பிரண்டாலும் தலை நசியாமலிருக்கத் தடித்த உருக்குக் குழாயில் கூடு. அதன் ஒட்டுகளை நான் விரலால் தடவித் தடவிப் பார்த்ததை ஜெமீல் கண்டும் காணாதது மாதிரி இருந்தார். உப்பு தின்ற இரும்புதான் அவருக்குப் பெரிய வேலை. கடல் தண்ணீரில் நனைந்து நனைந்து ஸ்பிரிங்கைத் தாங்கும் போல்ட்டுகள் பாதியாக மெலிந்திருந்தன. மணலில் அது தெரியாது, பாறையில் ஒரே ஒரு இடிக்கு அறுந்துவிடும் என்று எல்லாவற்றையும் மாற்றினார். வண்டியின் வயிற்றில் கல் முட்டும் இடங்களுக்கு இரும்புத் தகடு போட்டார். லொறிக்குப் போடுகிற பற்றறி ஒன்றைப் பூட்டி, குழந்தையைக் கட்டுகிற மாதிரிப் பட்டியால் இறுக்கினார்.

பிறகு ஜீப்புக்குள் கிடந்த சாமான்களை இறக்கச் சொன்னார். கயிறு, ஐஸ் பெட்டி, அரை நங்கூரம், ஒரு சுத்தியல், யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

"சுத்தியல் கிடக்கட்டும் நானா, தேவைப்படும்," என்றாள் ஜெயரூபி.

"கட்டாத சுத்தியல் வண்டி சரியேக்க உன்ட மண்டைக்கு வரும் புள்ள. கட்டின சாமான் மட்டும்தான் மேல போகும். உன்ட புருஷனையும் கட்டு."

"அவரைக் கட்டித்தானே இந்தப் பாடு."

ரயர்க் காற்றில் சின்னதொரு சண்டை வந்தது. மணலில் ஓடுகிறவர்கள் காற்றை நன்றாக இறக்கிவிடுவார்கள், ரயர் அப்பம் மாதிரிப் பரந்து மணலில் மிதக்கும். பாறைக்கும் இறக்கவேண்டும்தான். ஆனால் மணலுக்கு இறக்குகிற அளவு இறக்கினால் கல்விளிம்பு ரயரை றிம்மிலிருந்து உரித்து எடுத்துவிடும் என்றார் ஜெமீல். ஜெயரூபி நம்பவில்லை. அவர் ஒரு பழைய ரயரை உரித்தே காட்டிய பிறகு, "சரி, இதுக்குப்போய் நல்ல ரயரைப் பழுதாக்குறதே," என்று குறை சொன்னாள்.

வண்டி தயாரானது. இனி ஆள்.

கல்லுடைத்து முடித்துக் கைவிட்ட பெரும்பள்ளம், ஒரு கிடங்கு, கராஜுக்குக் கொஞ்சம் அப்பால் இருந்தது. அங்கே ஜெமீல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் அவளுக்குப் பழக்கமானவற்றுக்கு நேர் எதிர். ஸ்ரேறிங் கம்பிக்குள் பெருவிரலை விடாதே, கல் தட்டினால் அது சுழன்று விரலை முறிக்கும். விசையால் ஏறப் பார்க்காதே, ஆகச் சின்னக் கியரில் எஞ்சின் தன்பாட்டுக்கு இழுக்கட்டும். முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று உனக்குத் தெரியாது, முன்னுக்கு நின்று வழிகாட்டுகிறவருக்குத்தான் தெரியும். அவருடைய கையை மட்டும் பார்.

முன்னுக்கு நிற்கிறவர் யோகராசா. அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அவர் பொல்லோடு போய் நின்றார்.

"ஒண்டு," என்றார் ஜெமீல். "வாயால ஒண்டும் சொல்லப்படாது மச்சான். கை மட்டும். எஞ்சின் சத்தத்தில பாதிக் கதைதான் கேக்கும், பாதிக் கதை ஆளைக் கொல்லும்."

"கதைக்காட்டி அவருக்கு மூச்சு நிண்டிடும்," என்றாள் ஜெயரூபி.

கடற்கரையில் ஒரு போட்டை நகர்த்தும்போது பத்துப் பேர் பத்து விதமாகக் கத்துவார்கள். எவருக்கும் காது கொடுக்காமலிருப்பதுதான் அங்கே நல்ல சாரதிக்கு அடையாளம். இந்த மௌனம் அவளுக்கு முதலில் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னாள். ஆனாலும் ஏற்றத்தில் அவள் பிழை விடவில்லை. பாரமான போட்டைக் கரைக்கு இழுத்து இழுத்து, பின்பாரத்தோடு ஜீப்பைத் தாங்கிப் பிடிப்பது அவளுக்குக் கைவந்திருந்தது. ஏற முடியாத இடத்தில் நிறுத்தி, கிளச்சைத் தொடாமல் பின்கியரில் மெல்ல இறங்கி வந்து, மறுபடி ஏறினாள்.

பிழைத்தது முன்பக்கமாக இறங்கும்போது.

ஏன் என்பதை விளங்கிக்கொள்ளக் கடற்கரைக்குப் போகவேண்டும். போட்டைக் கடலுக்குத் தள்ளும்போது ஜீப்பின் மூக்கு கீழே பார்த்திருக்கும். பம்பரில் கட்டிய பழைய ரயரால் போட்டை உந்திக்கொண்டு இறங்கவேண்டும். போட்டின் முன்பக்கம் அலையில் மிதந்த அந்தக் கணம் ஜீப் இலேசாகி ஓடப் பார்க்கும். உடனே இடது காலால் கிளச்சை அமத்திவிடவேண்டும். அமத்தினால் போதும், மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மூச்சுப் பிந்தினால் போட்டோடு சேர்ந்து ஜீப்பும் கடலுக்குள் போகும். ஜெயரூபி ஒருநாளும் பிந்தியதில்லை. அவளுடைய கால் அவளைக் கேட்காமலே அந்த வேலையைச் செய்யும்.

பாறையில் மணல் இல்லை. பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்; இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது எஞ்சினும் கியரும்தான். கிளச்சை அமத்தினால் அந்தப் பிடி விட்டுப்போகும். அதற்குப் பிறகு அது வண்டி அல்ல, உருளும் கல்.

முதல் தரம் அவள் இறங்கியபோது பாதியில் ஜீப் திடீரென்று குதித்து ஓடி, கிடங்கின் அடியில் இருந்த மண்மேட்டில் முட்டி நின்றது. நான் கத்திய கத்தலில் என் தொண்டை இரண்டு நாள் கம்மியிருந்தது. பக்கத்தில் நின்ற யோகராசா நகரக்கூட இல்லை. நகர நேரம் இருக்கவில்லை.

"கால் போயிட்டுது," என்றாள் ஜெயரூபி.

"மறுகா வா," என்றார் ஜெமீல். மறுபடியும் கால் போனது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். வெறுங்கால் இன்னும் கெதியாகப் போனது. இடது காலைப் பின்னுக்கு மடக்கி வைத்துப் பார்த்தாள். ஜீப் மூக்கைக் குனிந்ததும் கால் தானாக முன்னுக்கு வந்தது. நித்திரையில் நுளம்பு கடிக்கிற இடத்துக்குக் கை போகிற மாதிரி.

"காலைத் தூக்கடி!" என்று யோகராசா சட்டத்தை மீறி வாயைத் திறந்தார்.

"தூக்கித்தான் வச்சனான்!"

"தூக்கி வச்சா ஏன் ஓடுது?"

"நீங்கள் வந்து இருந்து பாருங்கோ, தெரியும்!"

"அதுக்கு என்ர காலைக் கழட்டித் தரட்டே? அது எங்கயும் போகாது. சொன்னாலும் போகாது."

எல்லோரும் சிரித்தோம். ஜெமீல் மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு யோகராசாவின் காலைப் பார்த்தார்.

"மச்சான்," என்றார். "ஏறி இரு."

"விசரே உனக்கு?"

"கியரைப் போட்டபடியே திறப்பைத் திருப்பினா ஸ்ராட்டரே வண்டியை நகர்த்தும், எஞ்சினும் பிடிச்சுக்கொள்ளும். நிப்பாட்டோணுமெண்டா எஞ்சினை நிப்பாட்டுற கம்பியை இழு. இறக்கத்தில கிளச் தேவையே இல்ல. அதுக்குத்தானே பெரிய பற்றறி பூட்டினன். உனக்கு இல்லாத கால் இந்த வேலைக்கு வேண்டாத கால்."

யோகராசா என்னைப் பார்த்தார், ஜெயரூபியைப் பார்த்தார். பொல்லைக் கீழே போட்டார். ஏறுவதற்கு நேரம் எடுத்தது. இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். ஜெயரூபி பட்டியைப் பூட்டிவிட்டாள். பூட்டியபடியே அவருடைய தலைக்கவசத்தையும் ஒருமுறை தட்டினாள்.

ஜீப் இறங்கியது. எறும்பு மாதிரி, நேராக, ஒரே சத்தத்தில். நடுவில் அவர் கம்பியை இழுத்து நிறுத்தினார், திறப்பைத் திருப்பினார், மீண்டும் நகர்ந்தது. கீழே வந்து நின்றபோது ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். ஜெமீல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன். நான் எதற்கும் அழுகிறவள்.

ஜெயரூபி அழவில்லை. "நல்லா இறக்கினீங்கள்," என்றாள். அவருடைய பொல்லைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

வீட்டில் யோகராசாவுக்கு வாய் ஓயவில்லை. குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தான் இறக்கிய விதத்தை நேரில் நின்று பார்த்த எங்கள் இருவருக்குமே திரும்பத் திரும்பச் சொன்னார். "ஏத்தமும் அப்பிடித்தான் ரூபி. நிப்பாட்டிப்போட்டுக் கியரை மாத்தினாச் சரி, கிளச் என்னத்துக்கு? முழுக்க நானே ஓடலாம்."

அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "சாப்பிட வாங்கோ," என்றாள்.

அவர் படுத்த பிறகு என்னிடம் சொன்னாள்: "அவர் இருந்ததைப் பாத்தீங்களே மச்சாள். எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. வயிறும் எரிஞ்சது. ரெண்டும் ஒரே வயித்திலதான்."

"சொல்லிப்போடன் அவரிட்ட."

"என்னெண்டு? இவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த இருக்கையில ஏறின மனுசனிட்ட எழும்புங்கோ எண்டு என்னெண்டு சொல்லுறது? ஆனா நான் எழும்பிக் குடுத்தா, பிறகு கடற்கரைதான். தண்ணி மட்டும் போய்த் திரும்புறதுதான்."

தலைக்கவசத்தின் பட்டியை இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே இறுக்கமாக இருந்த பட்டியை.

புதிதாக வருகிற சாரதிகளை ஏற்றத்துக்கு முந்தின நாள் அந்த ஜீப்காரர் குழுவின் பொறுப்பாளர் சோதித்துப் பார்ப்பார். கண்டிக்காரர், அமைதியான மனிதர், நல்ல தமிழ் பேசினார். கிடங்கில் ஜெயரூபி ஏறியதைப் பார்த்துத் தலையாட்டினார். பின்கியரில் இறங்கியதையும் பார்த்துத் தலையாட்டினார். முன்பக்கமாக இறங்கும்போது, இன்றைக்குப் போகாது என்று அவள் வேண்டிக்கொண்ட கால், போனது. மண்மேடு அன்றும் அவளைக் காப்பாற்றியது.

"அம்மா, ஏற்றத்துக்கு உங்களைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை," என்றார் அவர். "இறக்கத்துக்கு விடமாட்டேன்."

அடுத்ததாக யோகராசா இறக்கிக் காட்டினார். அவருக்குத் தடை இல்லை. மேலே போய் மாறிக்கொள்ளுங்கள், அல்லது இவரே முழுக்க ஓட்டட்டும், அது உங்கள் வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் அடுத்த வண்டிக்குப் போனார்.

வீட்டு விஷயம் காலையில் கரடிமுதுகின் அடியில் வெடித்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. ஜெயரூபி எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தாள். சில்லுக்குக் கீழே வைக்கப் போனவளை ஜெமீல், "பாறையில வழுக்கும் புள்ள, வண்டியைக் கும்பிட்டுப்போட்டுப் பழத்தைத் தேசிக்காய்த் தண்ணிக்கு வச்சிரு," என்று தடுத்தார். அவள் பழத்தை என் கையில் தந்துவிட்டு நிமிர்ந்தால், சாரதி இருக்கையில் யோகராசா இருந்தார். பட்டி பூட்டியிருந்தது. தலைக்கவசமும் போட்டிருந்தார்.

"இறங்குங்கோ," என்றாள்.

"அண்டைக்கே சொன்னனே, நான் முழுக்க..."

"இறங்குங்கோ."

"ரூபி, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். ஏத்துறது நான். இறக்கிறது நீங்கள்."

"மேல போய்ச் சேந்தாத்தானே இறக்கம்?"

"சேர்த்துக் காட்டுறன். முன்னால போய் நிண்டு கையைக் காட்டுங்கோ. கல்லு மாதிரிச் சும்மா நிண்டா இந்த ஊருக்கே கேக்கக் கத்துவன்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். நான் கவனித்தது, அவர் கோபப்படவில்லை; தான் இவ்வளவு நாளும் எதையோ காணாமல் விட்டதைக் கண்ட முகம். பட்டியைக் கழற்றி, காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து இறங்கினார். அவள் ஏறினாள்.

வண்டியோடு கூட நடந்து போகலாம் என்று எனக்கு அனுமதி இருந்தது, முதலுதவிப் பைக்காக. ஜெமீல் உதிரிச் சாமான்களோடு கீழே நின்றுகொண்டார். ஏற்றத்தின் பெரும்பகுதியை நான் கண்ணைத் திறந்து பார்த்தேன் என்று சொல்லமுடியாது. ஜீப் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நாய் மாதிரி நின்றதும், மெல்ல அதை வைத்ததும் நினைவிருக்கிறது. குசினி வாசல் திண்ணை உயரத்துக்கு ஒரு கற்படி குறுக்கே வந்தது. முதல் முயற்சியில் சக்கரம் வழுகியது. அவள் பின்கியரில் இறங்கினாள். இரண்டாவதும் வழுகியது. யோகராசா பொல்லால் ஒரு பள்ளத்தைத் தட்டிக் காட்ட, நான் கல் பொறுக்கிக் கொண்டுவந்து அதில் அடுக்கினேன். அவசரத்தில் ஒரு கல்லை அவருடைய காலில் போட்டுவிட்டேன்.

"நல்ல காலம், அந்தக் கால்தான்," என்றார்.

பிறகு பக்கவாட்டில், வண்டி சரிந்தாலும் நசியாத இடமாகப் பார்த்து நின்று, விரல்களால் அவளை அழைத்தார். இடப்பக்கம், இடப்பக்கம், இன்னும், நேர். வாய் இறுக மூடியிருந்தது. அவளுடைய கண் அவருடைய கையைவிட்டு அசையவில்லை. எஞ்சின் முனகியது. முன்சக்கரம் படியில் ஒட்டிக்கொண்டு ஏறியது, பிறகு பின்சக்கரம். அவர் முட்டியைப் பொத்தி உயர்த்தினார்: நில். நின்றாள். மேலே தட்டைப் பாறை. கீழே காடு, காட்டுக்கு அப்பால் தம்பலகாமத்துப் பக்கத்து வயல், அதற்கும் அப்பால் துறைமுகத் தண்ணீர் தகடு மாதிரி.

அவள் எஞ்சினை நிறுத்தினாள், ஆனால் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகராசா பாறையின் மறு விளிம்புக்கு நடந்து போய் இறக்கத்தை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை.

"கிடங்கு மாதிரி இல்ல," என்றார்.

"எப்பிடி?"

"அடி தெரியேல்ல. ரூபி, நீயே கொண்டு போ. அந்தப் பொறுப்பாளர் கீழ நிக்கிறார், இங்க ஒருத்தரும் இல்ல. தங்கச்சி சொல்லமாட்டா. கடைசித் திருப்பத்தில நான் மாறி இருக்கிறன்."

நான் சொல்லமாட்டேன் என்பதில் அவருக்கு என்ன நிச்சயமோ. ஆனால் நான் ஜெயரூபியைப் பார்த்தேன். அவளுக்கு வேண்டியது அதுதான். ஏறி, மறுபக்கத்தால் இறங்குவது, தானே ஓட்டி. இவ்வளவு தூரம் வந்து, கேட்காமலே கைக்கு வந்திருந்தது. அவள் இறங்கி விளிம்புக்குப் போனாள். நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பாறையில் நின்றபடியே இடது பாதம் இரண்டு தரம் நிலத்தை அமத்தியதைக் கண்டேன். அவளும் கண்டாள்.

"சனியன்," என்றாள் காலைப் பார்த்து.

திரும்பி வந்தாள். "ஏறுங்கோ."

"எனக்குப் பயமா இருக்கு ரூபி."

"இருக்கட்டும். உங்களுக்குப் பயம்தான், எனக்குக் கால். பயத்தோட இறக்கலாம். இந்தக் காலோட ஏலாது." அவரைப் பிடித்து ஏற்றி, பட்டியைப் பூட்டினாள். "நான் முன்னால போறன். என்ர கையைப் பாருங்கோ. வேற ஒண்டையும் பாக்காதேங்கோ, கடலையும் பாக்காதேங்கோ."

அவர் திறப்பைத் திருப்பினார். ஜீப் மூக்கைக் குனிந்து விளிம்பைத் தாண்டியது. அவள் பக்கவாட்டில் பின்னுக்குப் பின்னுக்கு நடந்தபடி இரண்டு கையாலும் அவரை இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் பின்சக்கரம் ஒரு கல்லிலிருந்து தடாலென்று விழ, அவர் கம்பியை இழுத்துவிட்டார். எஞ்சின் நின்றது. அதற்குப் பிறகு கை திறப்புக்குப் போகவில்லை. அப்படியே இருந்தார்.

கதைக்கக்கூடாது என்பது சட்டம். எஞ்சின் நின்றிருந்தபடியால் சட்டம் இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள் போல.

"என்ன, படம் எடுக்கினமே? திருப்புங்கோ."

"பொறு."

"கீழ சோறு ஆறுது."

"என்ன கறி?"

"இறங்கி வந்து பாருங்கோ."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே திறப்பைத் திருப்பினார். ஜீப் உறுமி, பிடித்துக்கொண்டு, மீண்டும் எறும்பாக நகர்ந்தது. நான் பையை மார்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்த இடத்தில் இருந்தே வழுகி வழுகி இறங்கினேன்.

சுற்றுப்பாதையால் மறுபக்க அடிவாரத்துக்கு வந்து நின்ற ஆட்கள் கைதட்டினார்கள். பொறுப்பாளர் வந்து யோகராசாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜெமீல் அவரைக் கட்டிப்பிடித்து ஜீப்பிலிருந்து தூக்கியே எடுத்துவிட்டார். யார் யாரோ சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். உணர்வில்லாத காலோடு இறக்கினாராம் என்று கதை அதற்குள் வரிசையின் கடைசி வண்டிவரை போயிருந்தது.

"ஏத்தினது அவ," என்றார் யோகராசா. சத்தத்தில் எடுபடவில்லை. "ஏய், கேளுங்கோ, ஏத்தினது அவ! எங்க அவ?"

அவளைக் காணவில்லை. நான் இறக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஜீப்பின் அடியில் இரண்டு பாதங்களைக் கண்டேன்.

"ரூபி! வெளியால வா, படம் எடுக்கினம்."

"பின் ஸ்பிரிங்கில ஒரு தகடு வெடிச்சிருக்கு," என்றது அடியிலிருந்து குரல்.

ஜெமீல் உடனே குனிந்தார். "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம் நானா. வெடிப்பு பளபளப்பாக் கிடக்கு. இப்பத்தான் வெடிச்சது."

"சரி, சரி, வெளியால வா," என்றார் யோகராசா.

அவள் முழங்கையால் ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் முழுக்கப் புழுதியும் கிறீசும். சுற்றி நின்றவர்களையும் பொறுப்பாளரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் ஏத்தி முடிச்சு மேல நிக்கேக்க அது நல்லாத்தான் இருந்தது."